புளிப்பே... சிலிர்ப்பே!

சிங்கப்பூருக்குப் படிக்கவோ, வேலைக்கோ கிளம்புற ஐடியா இருக்கா பாஸ்? அப்படின்னா பாஸ்போர்ட், விசாவுக்கு அடுத்து நீங்க தெரிஞ்சுக்க வேண்டிய வார்த்தை ஒண்ணு இருக்கு: 'லைட் குக்கிங்'!

ரூம் வாடகை விளம்பரங்களைப் பாருங்க. ஏ.சி. உண்டு, வாஷிங் மெஷின் உண்டு, ரயில் ஸ்டேஷன் பக்கம்னு அடுக்கிக்கிட்டே வந்து, கடைசியில 'நோ குக்கிங்'னு முடிச்சிருப்பாங்க. கொஞ்சம் இரக்கமுள்ள ஓனரா இருந்தா 'லைட் குக்கிங் மட்டும்'. லைட்னா என்ன? வெந்நீர் வைக்கலாம். முட்டை அவிக்கலாம். நூடுல்ஸ் போடலாம். வாணலியில எண்ணெய் ஊற்றி, கடுகு வெடிச்சு, காய்ந்த மிளகாய் கமறி, பெருங்காயம் மணந்துச்சோ... முடிஞ்சது கதை! எதிர்வீட்டுக்காரர் இருமுவார், ஓனர் ஆன்ட்டி கதவைத் தட்டுவாங்க.

தாளிப்பு போச்சுன்னா நமக்கு என்ன மிச்சம்? சாம்பார் போச்சு, ரசம் போச்சு, வத்தக்குழம்பைக் கனவுலதான் பார்க்கணும். முதல் மாசம் நூடுல்ஸ் ஜாலியாத்தான் இருக்கும். மூணாவது மாசம் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தாலே வயிறு பேச ஆரம்பிச்சிடும்.

இதே சட்டத்துக்குள்ள, இதே அடுப்புல, தினமும் சுடச்சுட வீட்டுச் சாப்பாடு சாப்பிடுற ஒரு கூட்டம் அதே ஊர்ல இருக்கு. பிலிப்பைன்ஸ்காரங்க! நான் இருந்த அடுக்குமாடி வீட்டில் பக்கத்து ரூம் முழுக்க பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள். எங்க ஓனர் ஆன்ட்டி என் கடுகு டப்பாவைச் சந்தேகமாப் பார்ப்பாங்க. அவங்க பானையைப் பார்த்தா மட்டும் சிரிப்பாங்க. காரணம் சிம்பிள். அவங்க வீட்டுச் சாப்பாட்டுல பெரிய பங்கு தண்ணியில கொதிக்கிற சமாசாரம். எண்ணெய் தெறிக்காது, புகை வராது. ஒரே பானை. கழுவுறதும் ஒரே பானை!

அந்தப் பானையில அடிக்கடி கொதிக்கிறது சினிகாங். புளிப்பு சூப்பு. 'சூப்பா? அதைக் குடிச்சா ஒரு வேளை தாங்குமா?'ன்னு கேட்காதீங்க. ஹோட்டல்ல சின்னக் கிண்ணத்துல சோளமாவு கரைச்சுத் தர்ற சூப்பை மறந்துடுங்க. இது குழம்புக்கும் ரசத்துக்கும் நடுவுல இருக்கிற ஆளு. ஒரு தட்டு சோறு, பக்கத்துல பெரிய கிண்ணம் சினிகாங். கரண்டியால எடுத்து சோத்து மேல ஊத்திப் பிசைஞ்சு... சரி சரி, அவங்க ஸ்பூன்ல சாப்பிடுவாங்க. நான் கையாலதான்!

முள்ளங்கி, காராமணிக்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய், தக்காளி, வெங்காயம், நீட்டப் பச்சை மிளகாய், கடைசியா கங்கோங் கீரை. கூடவே பன்றி விலா எலும்போ, இறாலோ, மீனோ. புளிப்புக்குப் புளி. லிஸ்ட்டைத் திரும்பப் படிங்க. பன்றியை எடுத்துட்டா இது நம்ம ஊர் காய்கறிக்கடைப் பை மாதிரியே இல்ல?

இதுல ஒரு மேட்டர் இருக்கு. சினிகாங்குக்கு அவங்க சும்மா குழாய்த் தண்ணி ஊத்த மாட்டாங்க. அரிசி கழுவின தண்ணி! முதல் தண்ணியைக் கொட்டிட்டு, ரெண்டாவது கழுவலை எடுத்து வெச்சுக்குவாங்க. சூப்புக்கு லேசா உடம்பு கொடுக்க. இதை முதல்தடவை பார்த்தப்போ எனக்குக் காரைக்குடிப் பக்கம் ஞாபகம் வந்துச்சு. செட்டிநாட்டு வெண்டைக்காய் மண்டி சாப்பிட்டிருக்கீங்களா? அதுவும் அரிசி கழுவின தண்ணியில புளி கரைச்சு வைக்கிறதுதான். அந்தத் தண்ணிக்கே 'மண்டி'ன்னுதான் பேரு. நாம தாளிக்கிறோம், அவங்க தாளிக்கல. மற்றபடி ரெண்டும் ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சி.

ஆனா புளியில ஒரு வித்தியாசம். நாம பழுத்துக் காய்ஞ்ச பழுப்புப் புளியைக் கரைப்போம். அவங்க ஊர்ல பச்சைப் புளியங்காய். ஸ்கூல் வாசல்ல உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுத் தின்னோமே, அதேதான். முழுசா வேகவெச்சு, மசிச்சு, வடிகட்டி ஊத்துவாங்க. பழுப்புப் புளியில ஒரு இனிப்பு ஒளிஞ்சிருக்கும். புளியங்காயில அது கிடையாது. நேரா தாடையில வந்து அறையும். அந்த அறைக்கு அவங்க மொழியில அழகா ஒரு ஜோடி வார்த்தை: 'அசிம் கிலிக்'. அசிம்னா புளிப்பு. கிலிக்னா, மனசுக்குப் பிடிச்ச ஆளு திரும்பிப் பார்த்துச் சிரிச்சா முதுகுத்தண்டுல ஒண்ணு ஓடுமே... அது! 'கிலிக்' 2016-ல ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ளேயே போயிடுச்சு. சூப்பைக் குடிச்சதும் கண்ணை இறுக்கி மூடி, தோளைக் குலுக்கினா சமையல் பாஸ்னு அர்த்தம்.

புளியங்காய் கிடைக்காத ஊர்ல? அங்கேதான் இந்த சூப்போட சாமர்த்தியம். பிலிப்பைன்ஸ் ஏழாயிரத்துக்கும் மேல தீவுகள் உள்ள நாடு. ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு புளிப்பு. ஒரு இடத்துல மாங்காய். ஒரு இடத்துல பிலிம்பிக்காய். விசாயாஸ் தீவுகள்ல 'பத்துவான்'னு ஒரு காய். கொய்யாப்பழம் போட்டுக்கூட சினிகாங் உண்டு. எது கிடைக்குதோ அது. அந்த நாட்டு உணவைப் பற்றி நிறைய எழுதிய டோரீன் ஃபெர்னாண்டஸ் (1934-2002) என்ற அம்மா, 'பிலிப்பைன்ஸ் சாப்பாடுன்னா எல்லாரும் அடோபோவைச் சொல்றீங்க, எங்களை நிஜமாக் காட்டுறது சினிகாங்தான்'ங்கிற கட்சி. அடோபோங்கிற பேரே ஸ்பானிஷ்காரன் கொடுத்தது. சினிகாங் அந்த மண்ணோடது. ஊர் மாறினா புளிப்பு மாறும், சூப்பு மாறாது. வெளிநாட்டுக்குப் போற ஆளுக்கு இதைவிட வசதியான சாப்பாடு எது?

நடைமுறையில வெளிநாட்டுப் பிலிப்பைன்ஸ் சமையலறைகள்ல புளியங்காய்க்குப் பதில் பாக்கெட் பொடிதான் ராஜா. கிழிச்சுக் கொட்டினா புளிப்பு, உப்பு, ருசி எல்லாம் ரெடி. ஊர்லயும் பாதிப் பேர் அதைத்தான் கொட்டுறாங்க, வெட்கமே படாதீங்க. ஆனா என் கட்சி வேற. பாக்கெட்ல உப்பு கொஞ்சம் ஓவர். பக்கத்துலயே லிட்டில் இந்தியா இருக்கு, நல்ல புளி கிடைக்குது. அதைக் கரைச்சு, இறக்கும்போது அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சா, புளியங்காயோட அந்த 'அறை' கிட்டத்தட்ட வந்துடும். பக்கத்து ரூம் நர்ஸ்கள் இதை ஒத்துக்கல. 'நல்லா இருக்கு, ஆனா இது உங்க ஊர் சினிகாங்'னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. இருக்கட்டுமே!

ரெண்டு பேருக்கு வைக்கிற பக்குவம் சொல்றேன், செஞ்சு பாருங்க. ஒரு லிட்டர் அரிசி கழுவின தண்ணியைக் கொதிக்க வெச்சு, ஒரு வெங்காயம், ரெண்டு தக்காளியை நறுக்கிப் போடுங்க. தக்காளி குழைஞ்சதும் கரண்டியால லேசா மசிச்சு விடுங்க. வட்டமா நறுக்கின முள்ளங்கி உள்ளே போகட்டும். முள்ளங்கி பாதி வெந்ததும் எலுமிச்சை அளவு புளியைக் கரைச்சு ஊத்துங்க. அப்புறம் காராமணிக்காய், கத்தரிக்காய், முழு வெண்டைக்காய், கீறாத பச்சை மிளகாய் ரெண்டு. கீறினா காரம் இறங்கிடும். அவங்களுக்கு வாசனை மட்டும் போதும், காரம் வேணும்னா நீங்க கீறிக்குங்க, யாரும் கேட்க மாட்டாங்க. காய் வெந்ததும் கால் கிலோ இறால். மூணு நிமிஷம், அதுக்கு மேல விட்டா ரப்பர். அடுப்பை அணைச்சிட்டுக் கீரையைப் போட்டு மூடிடுங்க. உப்புக்குப் பதிலா 'பாத்திஸ்'னு அவங்க சொல்ற மீன் சாஸ் ஒரு ஸ்பூன். பாட்டிலைத் திறந்து மட்டும் மோந்து பார்க்காதீங்க. சூப்புக்குள்ள போனதும் அது சாதுவாயிடும். அரை மணி நேரத்துல ஆச்சு, ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்ல. ஓனர் ஆன்ட்டி கிச்சனை எட்டிப் பார்த்தாலும் ஸ்மைல்தான்!

மீன் சாஸ், பாக்கெட் பொடி, கருவாடு எல்லாம் எங்கே கிடைக்கும்? ஆர்ச்சர்ட் ரோட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்க. கண்ணைப் பறிக்கிற பிராண்டு கடைகளுக்கு நடுவுல 'லக்கி பிளாசா'ன்னு ஒரு பழைய கட்டடம். மத்த நாள்ல சாதாரண ஷாப்பிங் சென்டர். ஞாயிறு வந்தா மணிலாவுல ஒரு துண்டைப் பிய்ச்சு வெச்ச மாதிரி ஆயிடும். பணம் அனுப்புற கடைகள்ல கியூ. ஊருக்கு அனுப்புற பெரிய பெரிய அட்டைப்பெட்டிகள். சாப்பாட்டுக் கடை வாசல்ல ஆவி பறக்கிற சினிகாங். எஸ்கலேட்டர்ல நிக்கும்போது பின்னாடி இருந்து 'ஆத்தே!'ன்னு ஒரு குரல் வரும். மதுரைப் பாட்டி வந்துட்டாங்களான்னு திரும்பிடாதீங்க. அவங்க மொழியில ஆத்தேன்னா அக்கா. அண்ணன்னா 'குயா'. தெரியாத ஆளையும் அக்கா, அண்ணான்னு கூப்பிடுற பழக்கம் அவங்களுக்கும் உண்டு.

அங்கே வர்ற பெண்கள்ல நிறைய பேர் வீட்டு வேலை செய்றவங்க. 2024 கடைசியில சிங்கப்பூர்ல வீட்டுப் பணிப்பெண்கள் சுமார் 3 லட்சம் பேர். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மியான்மர்னு பல நாடுகள். நம்ம தமிழ்நாட்டுல இருந்தும், இலங்கையில இருந்தும் போனவங்க உண்டு. இவங்க முதலாளி வீட்டிலேயேதான் தங்கணும், அது சட்டம். ரூம் எடுத்துத் தனியா இருக்க முடியாது. கொஞ்சம் யோசிங்க ஃப்ரெண்ட்ஸ். நமக்கு 'லைட் குக்கிங்'னு சொன்னதுக்கே மூஞ்சியைத் தூக்கினோம். இவங்க நாள் முழுக்க அடுப்புகிட்ட நிக்கிறவங்க. மூணு வேளையும் சமைக்கிறாங்க, ஆனா அந்த வீட்டு ருசிக்கு. நல்ல முதலாளி வீடுகள்ல 'உனக்குப் பிடிச்சதையும் செஞ்சுக்கோ'ன்னு சொல்வாங்க. எல்லா வீடும் அப்படி இல்ல. மீன் சாஸ் வாசனைக்கே முகம் சுளிக்கிற வீடுகள் இருக்கு.

மிச்சம் இருக்கிறது லீவு நாள். அதுவும் லேசுல கிடைச்சது இல்ல. வாரத்துல ஒரு நாள் ஓய்வுன்னு சட்டம் வந்ததே 2013 ஜனவரியிலதான். அதுலயும் அந்தப் பெண் சம்மதிச்சா, லீவுக்குப் பதிலா ஒரு நாள் சம்பளம் கொடுத்துட்டு வேலை வாங்கிக்கலாம். 'சம்மதிச்சா'ங்கிற வார்த்தைக்கு நாலு சுவத்துக்குள்ள என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். மாசத்துல ஒரு நாளாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாத லீவு கட்டாயம்னு ஆனது 2023 ஜனவரியில இருந்துதான்.

அந்த லீவு நாள்லயும் போக ஒரு வீடு கிடையாதே! அதனாலதான் நடைபாதையிலயும் புல்தரையிலயும் துணி விரிச்சு, டப்பாக்களைத் திறந்து வட்டமா உட்கார்ந்து சாப்பிடுறாங்க. 2019 டிசம்பர் 29, ஒரு ஞாயிறு சாயங்காலம், லக்கி பிளாசா பக்கத்துல ஒரு கார் நடைபாதையில ஏறித் தடுப்பை உடைச்சுக் கீழே விழுந்துச்சு. அங்கே ஞாயிற்றுக்கிழமையைக் கழிச்சுக்கிட்டிருந்த ரெண்டு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்கள் இறந்துபோனாங்க. நாலு பேருக்குக் காயம். அந்த வழியாப் போகும்போது கொஞ்சம் மெதுவா நடந்து போங்க.

எங்க பக்கத்து ரூம் நர்ஸ் ஒருத்தரோட சித்தி பொண்ணும் அப்படி வீட்டு வேலை செய்றவங்கதான். லீவு கிடைக்கிற ஞாயிறுகள்ல எங்க வீட்டுக்கு வந்துடுவாங்க. வந்ததும் பேக்கை வெச்சிட்டு நேரா கிச்சன்! 'வாரம் பூரா சமைச்சிட்டுத்தானே வர்றீங்க ஆத்தே, உட்காருங்க, இன்னிக்கு நாங்க செய்றோம்'னு ஒருதடவை சொன்னேன். 'அது சமையல் இல்லம்மா, வேலை. இது எனக்கு'ன்னுட்டு முள்ளங்கியை எடுத்து நறுக்க ஆரம்பிச்சிட்டாங்க. உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவுன்னு யாரையும் கேட்காம, தன் நாக்குக்கு மட்டும் பார்த்துப் போடுவாங்க. அவங்க வைக்கிற சினிகாங் பயங்கரப் புளிப்பு. நாங்க எல்லாரும் தோளைக் குலுக்கிக்கிட்டே குடிப்போம்.

சில ஞாயிறு புளிப்புக்கு லீவு, 'தினோலா'. இஞ்சியும் பூண்டும் தூக்கலாப் போட்டு, கோழியைத் தண்ணியில மெதுவா வேகவிட்டு, பப்பாளிக்காயைத் துண்டு போட்டு, கடைசியில ஒரு கீரையை அள்ளிப் போடுறது. பப்பாளிக்காய் இல்லேன்னா சௌசௌ. அந்தக் கீரைக்கு அவங்க மொழியில பேரு 'மலுங்கை'. இன்னொருதடவை சொல்லிப் பாருங்க. மலுங்கை... முருங்கை! அதேதான் பாஸ். தாவரவியல்காரங்க சொல்ற 'மொரிங்கா'ங்கிற பேரே நம்ம முருங்கையில இருந்து போனதுதான். பிள்ளை பெத்தவளுக்குப் பால் சுரக்கும்னு முருங்கைக்கீரை கொடுக்கிற வழக்கம் நம்ம ஊர்ல உண்டே? அங்கேயும் அதே காரணத்துக்குத் தினோலா கொடுப்பாங்க. ஆனா முருங்கைக்காயைப் பெரும்பாலும் சீண்ட மாட்டாங்க, வடக்கே இலோக்கோஸ் பக்கத்து ஆளுங்களைத் தவிர. சாம்பார்ல காயை மென்னு சக்கையைத் துப்பினதைப் பார்த்து எங்க நர்ஸ்கள் அடிச்ச கமென்ட் இருக்கே... வேண்டாம் விடுங்க!

இந்தக் கீரைக்காகத்தான் அவங்க நம்ம ஏரியாவுக்கு வருவாங்க. ஆர்ச்சர்ட்ல ரயில் ஏறி, டோபி காட்ல மாறினா அடுத்த ஸ்டேஷன் லிட்டில் இந்தியா. வெளியே வந்தா தேக்கா மார்க்கெட். கறிவேப்பிலை, வெற்றிலை, வாழைப்பூ எல்லாம் குவிஞ்சு கிடக்கிற காய்கறிக் கடைகள்ல முருங்கைக்கீரைக் கட்டும் இருக்கும். ஒரு பக்கம் நம்ம ஊர் அக்கா 'இளசா இருக்கா?'ன்னு தண்டை ஒடிச்சுப் பார்க்க, இன்னொரு பக்கம் பிலிப்பைன்ஸ் அக்கா அதே கீரையை அதே மாதிரி ஒடிச்சுப் பார்ப்பாங்க. வாங்கிட்டுப் போய் ஒருத்தர் பொரியல், ஒருத்தர் தினோலா.

தினோலாவுக்கு ஒரு இலக்கிய அந்தஸ்தும் இருக்கு தெரியுமா? பிலிப்பைன்ஸோட தேசிய நாயகர் ஹொசே ரிசால். 1882-ல, 20 வயசுல, மேல்படிப்புக்கு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். போற வழியில சிங்கப்பூர்ல இறங்கினார், அப்புறம் இலங்கையைத் தொட்டுட்டுப் போனார். சிங்கப்பூர் ஆத்தங்கரையில அவருக்கு ஒரு நினைவுச்சின்னம்கூட இருக்கு. மாட்ரிட், பாரிஸ், ஜெர்மனின்னு அலைஞ்சுக்கிட்டே ஒரு நாவலை எழுதி, 1887-ல பெர்லின்ல அச்சடிச்சார். 'நோலி மே தாங்ஹெரே'. ஸ்பானிஷ் பாதிரியார்களோட அட்டகாசத்தைக் கிழிச்ச புத்தகம். அதுல ஏழு வருஷம் ஐரோப்பாவுல இருந்துட்டு ஊர் திரும்பற ஹீரோவுக்கு ஒரு விருந்து. அதுல பரிமாறுறது தினோலா! ஹீரோ கிண்ணத்துல நல்ல நல்ல துண்டு. திமிர் பிடிச்ச பாதிரியார் தமாசோ கிண்ணத்துல வெறும் கழுத்தும் இறக்கையும். மனுஷன் கோபத்துல பொங்குறார். ஒரு சூப்புக் கிண்ணத்தை வெச்சே யாருக்கு யார் மேல காண்டுன்னு சொல்லிட்டார் ரிசால். அந்த நாவலை எழுதினதுக்கெல்லாம் சேர்த்து 1896 டிசம்பர் 30-ல மணிலாவுல அவரைச் சுட்டுக் கொன்னாங்க. பெர்லின் குளிர்ல உட்கார்ந்து அந்த சூப்பை எழுதினப்போ அவருக்கு எவ்வளவு பசிச்சிருக்கும்னு நான் அடிக்கடி நினைச்சுக்குவேன்.

'நாங்க சைவம், எங்களுக்கு என்ன வழி?'ன்னு ஒரு குரல் கேட்குதே... இருக்கு இருக்கு. வெள்ளிக்கிழமைக்கு வாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க கத்தோலிக்கர்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி வேண்டாம்னு இருக்கிற பழக்கத்துல பல வீடுகள்ல அன்னிக்கு 'முங்கோ'. பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க, நம்ம பச்சைப்பயறுதான்! பயறைக் குழைய வேகவெச்சு, பூண்டு, வெங்காயம், தக்காளி சேர்த்து, இறக்கும்போது முருங்கைக்கீரையைத் தூவிடுறது. சிலர் இறாலோ கருவாடோ போடுவாங்க. நீங்க உப்பு போட்டு நிறுத்திக்குங்க. பூண்டை மட்டும் ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெயில வதக்கணும். அதை 'லைட் குக்கிங்' கணக்குல எங்க ஆன்ட்டி அனுமதிச்சாங்க. உங்க ஆன்ட்டிகிட்ட நீங்கதான் பேசிக்கணும்.

ஞாயிறு சாயங்காலம் ஏழு மணி ஆனா அந்த ஆத்தே கிளம்பிடுவாங்க. எட்டரைக்குள்ள முதலாளி வீட்டுல இருக்கணும். பானையில எப்பவும் ரெண்டு கிண்ணம் மிச்சம் இருக்கும். 'டப்பாவுல போட்டுத் தரவா?'ன்னு கேட்டா, 'அங்கே வேண்டாம், நீயே நாளைக்குச் சூடு பண்ணிச் சாப்பிடு'ன்னுட்டு, போறதுக்கு முன்னாடி நின்னபடியே இன்னும் அரைக் கிண்ணம் குடிச்சிட்டுப் போவாங்க. சினிகாங் மறுநாள்தான் நல்லாப் புளிக்கும். திங்கள்கிழமை அதை நான் சாப்பிட்டேன்.